காதில் டியூப் வைத்த பையனும் எங்கள் ஊர்க் கிணறும்

எங்கள் வீட்டுச் சின்னவனுக்குக் 'காரியச் செவிடு' என்று பெயர் வைத்தவனே நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை கீழவாசல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் கடைக்கு வந்துவிடுவான். கட்டிங் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துண்டுகளைக் கலர்வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பான். "டேய், அந்தக் கத்திரியை எடு" என்றால் திரும்பமாட்டான். இரண்டாவது தடவை சொன்னாலும் அப்படித்தான். ஆனால் குனிந்து முகத்தைப் பார்த்து "பன்னீர் சோடா குடிக்கிறியா?" என்று கேட்டால் உடனே எழுந்து வருவான். தின்கிறதுக்குக் கேட்கிறது, வேலைக்குத்தான் கேட்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் அவனுக்குப் புரிந்தது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் கல்யாண வேலை நெருக்கடி. மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை என்று முதுகில் ஒன்று வைத்தேன். திரும்பிப் பார்த்தான். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் பயம் அதில் இல்லை. எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாத முழி. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, ஒன்றாம் வகுப்பு டீச்சர். "டிக்டேஷன் போட்டா பக்கத்துப் பையன் நோட்டைப் பாத்து எழுதுறான் சார். முதல் பெஞ்சுக்கு மாத்துனேன், பாதி சரியாயிருச்சு. எதுக்கும் காதைக் காட்டிருங்க" என்றார். அந்தம்மா சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். எதைச் சொன்னாலும் "என்னது?" என்பான். 'சைக்கிள்' அவன் வாயில் 'தைக்கிள்' என்றுதான் வரும். குழந்தைப் பேச்சு என்று அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். ராத்திரி வாயைத் திறந்து வைத்துக் குறட்டை விடுவான். மாதத்தில் பாதி நாள் சளி. சளி இல்லாத வாரத்தில் ஓரளவு நன்றாகவே கேட்கும், அதனால்தான் நடிக்கிறான் என்று தோன்றியிருக்கிறது. காது வலி என்று ஒரு நாள்கூட அழுதது கிடையாது. வலி இருந்திருந்தால் அப்போதே ஓடியிருப்போம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டு சோதனை எழுதிக்கொடுத்தார். ஒன்று, கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கோலியை டப்பாவில் போடச் சொல்வது. இவன் கோலியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் சாடை காட்டுவேனோ என்று. வலது காதில் 35, இடது காதில் 40 டெசிபெல் வந்தது. குழந்தைக்கு இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பேச்சைக் கேட்டுப்பாருங்கள், ஏறக்குறைய அதுதான் என்றார் சோதனை செய்த பெண். இன்னொன்று, காதில் சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தம் மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. நல்ல காதுக்குத் தாளில் கோடு கோபுரம் மாதிரி எழும்பி இறங்கும். எங்கள் பையனுக்கு இரண்டு காதிலும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

டாக்டர் சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்கிறேன். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்று அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது, காற்று போய்வருவதற்கு. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுத்தவாக்கில் இருக்கும். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வேறு வீங்கிக்கிடந்தால் குழாய் சரியாகத் திறக்காது. காற்று போகாத அறையில் நீர் ஊறும். நாள்பட்டால் அது பசையாக ஆகிவிடும். "தவிலுக்குள்ள கஞ்சியை ஊத்தி அடிச்சா எப்படிச் சத்தம் வரும்? அதுதான் உங்க பையன் காது" என்றார்.

உடனே ஆபரேஷன் சொல்வார் என்று பயந்து போனோம். அவர் சொன்னது, மூன்று மாதம் பொறுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே வடிந்துவிடுமாம். அதற்குள் மாத்திரை, சிரப் எதுவும் தரமாட்டீர்களா என்றால், சளி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் இந்தப் பசையைக் கரைக்காது என்றார். வகுப்பில் முதல் பெஞ்சு, பேசும்போது முகத்துக்கு நேரே பேசுவது, மூக்கால் பலூன் ஊதும் பயிற்சி, இவைதான் வைத்தியம். கடைசியில் "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறது?" என்று கேட்டார். பையன் என்னைக் கை காட்டினான். அந்தக் கேள்வி மட்டும் எப்படித்தான் கேட்டதோ. பீடி, சிகரெட் புகை குழந்தைகளுக்குக் காதில் நீர் கோப்பதற்கு ஒரு காரணமாம். அன்றோடு விட்டேன்.

மூன்று மாதம் கழித்தும் கோடு எழும்பவில்லை. தை மாதம் ஆபரேஷன் ஆயிற்று. செலவுக்குச் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தேன், அந்தக் கதை இங்கே வேண்டாம். காலையில் வெறும் வயிறு, மயக்க மருந்து, செவிப்பறையில் நுனியளவு கீறிப் பசையை உறிஞ்சிவிட்டு டியூப் வைத்தார்கள். கூடவே அடினாய்டையும் எடுத்தார்கள். உள்ளே அனுப்பிவிட்டு நானும் என் வீட்டுக்காரியும் ஒரு டீயைப் பாதி குடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் வீடு.

அந்த டியூபை டாக்டர் முன்பே மாதிரி காட்டியிருந்தார். அதற்கு 'கிராமெட்' என்று பெயர். பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஸ்கிரீன் துணியில், ரெக்சினில் ஓட்டை போட்டால், ஓரம் கிழியாமலும் ஓட்டை மூடாமலும் இருக்கச் சுற்றி ஒரு வளையம் அடிப்போம். ஐலெட் என்போம். அதே வேலைதான் இதற்கும். கீறியதை அப்படியே விட்டால் செவிப்பறை சில நாளில் மூடிக்கொள்ளும், மூடாமல் பிடித்துக்கொள்ள ஒரு வளையம். உருவம் மட்டும் பாபின் மாதிரி, இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் துளை. மிளகு அதைவிடப் பெரியது.

ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி பையன் தூங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, யாரோ ச்சு ச்சு ச்சுனு கூப்பிடுறாங்க" என்றான். டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி. ஆறு வருடமாக அந்த வீட்டில் பல்லி கத்துகிறது, அவனுக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் அம்மா வழக்கப்படி விரலால் தரையைத் தட்டி "நல்ல சேதி சொல்லுது சாமி" என்றார். அவனும் தட்டினான். மறுநாள் கடைக்கு வந்தவன் பவர் மெஷினைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். பத்து நாளைக்கு மிக்ஸி, குக்கர், தெருவில் போகிற புல்லட் எல்லாமே அவனுக்கு அதிர்ச்சிதான். பிறகு பழகிவிட்டது.

இனி தண்ணீர் விஷயம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். டியூப் வைத்த பிள்ளையின் பெற்றோரை ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவது இதில்தான்.

டிஸ்சார்ஜ் தாளில் 'காதில் தண்ணீர் படவே கூடாது' என்று அச்சடித்திருந்தது. நர்சிங் படிக்கிற என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இப்ப அப்படிச் சொல்றதில்லை" என்றாள். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அகாடமி 2013-ல் ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. டியூப் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொத்தாம்பொதுவாகக் காதடைப்பான் மாட்டு, நீச்சலை நிறுத்து என்று சொல்ல வேண்டியதில்லை என்பது அதில் உள்ளது. 2022-ல் புதுப்பித்தபோதும் அதை மாற்றவில்லை. அதற்கு அடிப்படையான ஆய்வு ஒன்றையும் படித்துக்காட்டினாள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் நடத்தி 2005-ல் வெளியிட்டது, 201 குழந்தைகள். குளிக்கும்போதும் நீந்தும்போதும் காதை அடைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது காது வடிந்தது. அடைக்காதவர்களில் 56 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு தடவை வடிவதைத் தடுக்க ஒரு பிள்ளை சராசரியாக 2.8 வருடம் காதை அடைத்துக்கொண்டே திரிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். டியூப் காதில் இருப்பதே பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம். நான் ஜாக்கெட் அளவு எடுக்கிறவன், எனக்கே இந்தக் கணக்கு சிரிப்பாக இருந்தது. காதை அடைத்தவர்களிலேயே பாதிப் பேருக்கு வடிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சளி பிடித்தால் தண்ணீரே படாமலும் வடியும். எங்கள் பையனுக்கு இரண்டு தடவை வடிந்ததில் ஒன்று அப்படி வந்ததுதான்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். "அது பழைய தாள், இன்னும் மாத்தலை" என்றவர் மூலையில் இருந்த குடையைக் காட்டினார். "குடைத் துணியில ஓட்டை இருக்கா இல்லையா? நீங்கதான் துணிக்காரராச்சே." இழைக்கு இழை சந்து இருக்கத்தான் செய்கிறது. "மழை ஏன் உள்ள வர மாட்டேங்குது? தண்ணி தானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சின்ன ஓட்டையில சும்மா நுழையாது. உள்ள போகணும்னா ரெண்டு வழி. ஒண்ணு சோப்பு, ஒண்ணு அமுக்கம்." சோப்பு கலந்தால் தண்ணீரின் அந்தப் பிடிப்பு தளர்ந்து சின்னத் துளையிலும் நழுவிவிடும். ஆழத்துக்குப் போனால் மேலே இருக்கிற தண்ணீரின் கனம் அமுக்கி உள்ளே தள்ளும். மூன்றாவதாக ஒன்றும் சொன்னார்: உள்ளே போகிற தண்ணீர் அழுக்காக இருந்தால் கொஞ்சம் போனாலும் வம்பு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்று நாமே பிரித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒவ்வொன்றும் ஒரு ரூபத்தில் வந்தது.

சோப்பு முதலில் வந்தது. நீச்சல் குளத்துக்குப் பயந்துகொண்டிருந்தோம், வினை எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்தது. ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது எங்கள் அம்மா பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். உச்சியில் வைத்ததோடு விடாமல், வழக்கம்போலக் காதிலும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். அப்புறம் சீயக்காய், ஷாம்பு, தலையைக் குனிய வைத்துச் சொம்பு சொம்பாக ஊற்றல். மூன்றாம் நாள் தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. இடது காதிலிருந்து கெட்ட வாடையோடு நீர். பையனுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரிதான் அழுதுகொண்டிருந்தாள். அம்மா மூலையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். என்னையும் என் அண்ணனையும் அப்படிக் குளிப்பாட்டித்தான் வளர்த்தார். அவரை என்ன சொல்ல?

அன்றைக்கு டாக்டர் இல்லை. மருந்துக்கடையில் போய்ச் சொன்னேன். காது வடிகிறதா என்று கேட்டு ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, ஊற்றுவதற்கு முன் அக்கா மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "மாமா, அதுல ஜென்டாமைசின் இருக்கு. ஊத்தாதீங்க" என்றாள். அந்த வகை மருந்து டியூப் வழியாக உள்ளே போனால் உட்காதின் நரம்பைக் கெடுக்கக்கூடுமாம். கேட்க வைப்பதற்காக வைத்த டியூப் வழியாகவே கேட்காமல் போவதற்கான மருந்தை ஊற்ற இருந்தேன். காதில் டியூப் இருக்கிறது என்பதை எந்தக் கடையில் போனாலும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அதைவிட, டாக்டர் எழுதாத சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வலி இல்லாம வெளிய வடியுதுன்னா டியூப் வேலை செய்யுதுன்னு அர்த்தம். உள்ளயே தேங்கியிருந்தாத்தான் வலிச்சிருக்கும்" என்றார். குடிக்கிற ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த காதுச் சொட்டு மட்டும், ஒரு வாரம். ஊற்றுகிற முறையையும் கற்றுக்கொடுத்தார். அது தெரியாமல் பாதிப் பேர் மருந்தைக் காது மடலுக்கே ஊற்றிக்கொண்டிருப்போம். முதலில் வெளியே வடிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், உள்ளே குடையக் கூடாது. மருந்துப் புட்டியைக் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடு ஏற்ற வேண்டும், சில்லென்று விழுந்தால் தலை சுற்றும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டுப் போட்ட பிறகு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டை நாலைந்து தடவை அமுக்கி அமுக்கி விட வேண்டும். பம்ப் அடிக்கிற மாதிரி. அப்போதுதான் மருந்து டியூபைத் தாண்டி இறங்கும். எங்கள் பையன் "கசக்குது" என்று மூஞ்சியைச் சுளித்தான். காதில் ஊற்றினால் எப்படிக் கசக்கும் என்று கேட்டேன். உள்ளே போய்த் தொண்டைக்கு இறங்கியிருக்கிறது, அந்த மூக்குக் குழாய் வழியாக. சரியாகத்தான் ஊற்றியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டோம். நாலாம் நாளே நின்றுவிட்டது. காய்ச்சலோ வலியோ ரத்தமோ இருந்தால், அல்லது சொட்டு ஊற்றி ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் திரும்பக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். வடிகிற நாளில் நீச்சல் கிடையாது.

அதற்குப் பிறகு எண்ணெய்க் குளியல் தலையோடு சரி, காதில் ஒரு பொட்டுக்கூட விடுவதில்லை. தலைக்கு ஊற்றும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காது வாசலில் அடைத்துவிட்டு, முகத்தை அண்ணாந்து வைத்துப் பின்பக்கமாக ஊற்றுகிறோம். அம்மாதான் இப்போது அந்தப் பஞ்சைத் தயார் செய்கிறார். நாங்கள் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் போய் சிலிக்கான் காதடைப்பான், அதன் மேல் போட ஒரு ரப்பர் பட்டை, எல்லாம் வாங்கினேன். மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். நான் கரையில். கோச் விசில் ஊதுகிறார், எல்லாப் பிள்ளையும் கம்பியைப் பிடிக்கிறது, இவன் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறான். "டேய்! டேய்!" என்று கத்துகிறேன். திரும்பவில்லை. ஆழம் அதிகமாகிற பக்கத்துக்கு இன்னும் நாலு கைதான். கோச் குதித்துத் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவன் என்னைப் பார்த்த முழி, கட்டிங் மேஜைக்கு அடியில் பார்த்த அதே முழி.

கரையில் உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு செலவு செய்து காதைத் திறந்துவிட்டு, ஆபத்தான இடத்தில் கொண்டுவந்து நானே அடைத்திருக்கிறேன். காது வடிந்தால் ஒரு வாரம் சொட்டு மருந்து. கூப்பிட்டது கேட்காமல் போனால்? மறுநாளிலிருந்து காதடைப்பான் இல்லை. குளோரின் போட்ட குளம், சோப்பு இல்லாத தண்ணீர், மேலோட்டமான நீச்சல், அவ்வளவுதான். கோச்சிடம் மட்டும் நாலு விஷயம் சொல்லிவைத்தேன்: பலகையிலிருந்து குதிக்க வைக்கக் கூடாது, அடியில் காசு பொறுக்குகிற விளையாட்டு கூடாது, ஆறடிக்குக் கீழே முங்கக் கூடாது, காதில் ஏதாவது வடிந்தால் அன்றைக்கு இறக்கக் கூடாது. அந்தச் சீசன் முழுக்க ஒரு தடவைகூட வடியவில்லை. வகுப்பு முடிந்து ஷவரில் ஷாம்பு போடும்போதுதான் நான் கிட்டே நின்றேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே கணக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வடிகிற பிள்ளைக்கு, தண்ணீர் பட்டாலே வலிக்கிறது என்கிற பிள்ளைக்கு, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு டாக்டரே அடைக்கச் சொல்வார். அப்படியானால் ஹியரிங் எய்டு கொடுக்கிற இடங்களில் காதின் அச்செடுத்து அளவாகச் செய்துதருவார்கள். ரெடிமேடுக்கும் அளவெடுத்துத் தைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடைத்துவிட்டால் பெரியவர் ஒருத்தர் கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையிலிருந்து கத்துவது உதவாது. நான் பார்த்தாயிற்று.

மே மாதம் ஊருக்குப் போனோம். வாடிப்பட்டிப் பக்கம். பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓடினால் எங்கள் கிணறு மேலேறி நிற்கும். கோடையில் ஏழெட்டுப் படி இறங்கிவிடும். எங்கள் வீட்டில் நீச்சல் என்றால் கிணறுதான். என் அப்பா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, படியிலிருந்து தூக்கி எறிவார். அப்படித்தான் அண்ணன் பிள்ளைகள் நாலு பேரும் கற்றுக்கொண்டார்கள். என் பையனுக்கும் ஒரு குடுக்கையைக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"கிணறு மட்டும் இந்த வருசம் வேணாம்ப்பா" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "டவுன்ல காசு குடுத்துக் குளத்துல விடுவ, நம்ம கிணத்துல விட மாட்டியா? அந்தத் தண்ணிக்கு என்ன கேடு?" கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிணற்றில் டாக்டர் சொன்னவை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பாசி பிடித்துத் தேங்கின தண்ணீர், உதிர்ந்த வேப்பிலை, புறா எச்சம். படிக்கல்லில் துவைக்கிற சோப்பு வேறு. அதைவிட, கிணற்றில் யாரும் மேலோட்டமாக நீந்துவதில்லை. குதிப்பதுதான் அதன் ருசியே. பதினைந்தடி உயரத்திலிருந்து குதித்தால் கால் எவ்வளவு ஆழம் போய்த் திரும்பும் என்று எனக்குத் தெரியும். காது ஙொய் என்று அடைக்கும் அந்த இடம் வரைக்கும் போய்த்தான் வருவோம். அந்த அமுக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை என்ன செய்யும்? 'நீ மட்டும் குதிக்காமப் படியோரமா நீந்து' என்று சொன்னால் அண்ணன் பிள்ளைகள் தலைக்கு மேல் பறக்கிறபோது ஏழு வயதுப் பயல் கேட்பானா?

குடைக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் சரக்கு சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் பம்புசெட் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் மட்டையால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் காயவிட்டு, போர் மோட்டாரைப் போட்டார். இடுப்பளவுத் தண்ணீர், அடி தெரிகிற தெளிவு. "இது மேலோட்டந்தானடா? உங்க டாக்டர் இதுக்கு என்ன சொல்வாரு?" என்றார். இதற்கு ஒரு டாக்டரும் ஒன்றும் சொல்லமாட்டார். குழாயிலிருந்து பாய்கிற தண்ணீருக்கு நேரே காதைக் காட்டக் கூடாது, தொட்டிக்குள் சோப்புக் கிடையாது என்று இரண்டே சட்டம். பத்து நாளும் பையன் அதில்தான் கிடந்தான். கடைசி நாளில் அண்ணன் பிள்ளைகளும் கிணற்றை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அருவிக்கும் அதே கணக்குதான். ஒரு தடவை போனபோது விழுகிற தண்ணீருக்கு நேரே நிற்கவிடவில்லை, ஓரமாகத் தெறிப்பில் நின்றான். அழகர் மலையில் நூபுர கங்கைத் தீர்த்தம் தலையில் ஊற்றினார்கள். அதற்கெல்லாம் நாங்கள் பஞ்சைத் தேடவில்லை. வைகையில் இறங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மதுரைக்குள் ஓடுகிற தண்ணீரில் நல்ல காதுக்காரனே இறங்கமாட்டான்.

ஆபரேஷன் ஆகிப் பதினோராம் மாதம் வலது டியூப் தானாகக் கழன்றது. எங்களுக்குத் தெரியவே தெரியாது. செக்கப்பில் டாக்டர் காதுக் குரும்பியோடு சேர்த்து வெளியே எடுத்துக் காட்டினார். செவிப்பறை வளர வளர அதுவே தள்ளிவிடுமாம். ஓட்டை மூடியிருந்தது. சில பிள்ளைகளுக்கு மூடாமல் நின்றுவிடுவதும் உண்டு, அதனால்தான் கழன்ற பிறகும் ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார். கேட்கும் சோதனையில் அந்தக் காது 15. டியூபைக் கேட்டு வாங்கி, கழுவி, கடையில் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது சட்டைக்குப் பட்டன் தேடும்போது கையில் வரும், "இது என்ன பட்டன்ணே?" என்பார்கள்.

இடது டியூப் இன்னும் காதிலேயே இருக்கிறது. பதினாறு மாதம் ஆகிறது. அவசரம் இல்லை, ரொம்ப வருடம் தங்கினால்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஆக இந்த மே மாதமும் தொட்டிதான். அப்பா இப்போதே மட்டையை எடுத்து வைத்துவிட்டாராம், போனில் சொன்னார். சுரைக்குடுக்கையைப் பரண்மேல் ஏற்றி, எலி கடிக்காமல் இருக்கச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். அடுத்த செக்கப் ஆடி மாதம்.